மூடுபனியும் ஒட்டுப்போட்ட காமிராவும்

பாறசாலையை அடுத்த குளத்தூர்ப் பக்கத்திலிருந்து, வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும் நாளில், தென்னந்தோப்புகளுக்குப் பின்னால் கிழக்கே அகத்தியமலைத் தொடர் நீலமாகத் தெரியும். நெய்யாறு பிறப்பது அங்கேதான். 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியகூடம் அந்தத் தொடரின் தலைமகன். பனி இறங்கிய காலையில் அத்தனை பெரிய மலை அங்கே இருப்பதற்கான சுவடே இராது. காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு விடியற்காலையில் கிளம்புகிறவர்கள் விரும்புவது இந்த இரண்டாம் வகைக் காலையைத்தான். மலையைவிட மலையை மறைக்கும் பனி அவர்களுக்கு முக்கியம்.

புகைப்படக் கலைஞர்களிடம் எது உங்களைத் தூண்டுகிறது என்று கேட்டால் அடிக்கடி வரும் பதில்கள் இரண்டு. ஒன்று, மூடுபனி படர்ந்த நிலக்காட்சி. மற்றொன்று, தாத்தா காலத்துக் காமிரா. டிஜிட்டல் யுகத்தில் இரண்டாவது பதிலுக்குத் தனி மவுசு வந்திருக்கிறது. ஒரு காலத்தில் வதோதராவில் தயாராகி நடுத்தர வர்க்கத்து வீடுகளுக்கெல்லாம் போய்ச்சேர்ந்த ஆக்ஃபா கிளிக் த்ரீ, சோவியத் நாட்டிலிருந்து வந்த ஜெனிட், கல்யாண வீட்டுக்காரர்கள் கழுத்தில் தொங்கிய யாஷிகா மாட் என்று பரணில் கிடந்தவை எல்லாம் கீழே இறங்கிக்கொண்டிருக்கின்றன. கோடிக்கணக்கான கைகளில் செல்போன் காமிரா இருக்கும்போது, ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம் எடுக்கும் பெட்டியின் மீது இளைஞர்களுக்கு என்ன மோகம்?

பனிக்கும் பழைய காமிராவுக்கும் உள்ள ஒற்றுமையைக் கவனித்தால் விடை கிடைக்கும். இரண்டுமே எதையோ தர மறுப்பவை. பனி விவரங்களைத் தர மறுக்கிறது. பழைய காமிரா வசதியைத் தர மறுக்கிறது. அப்படி மறுக்கப்பட்டவன் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் பனி. தூரத்து மலை நீலமாகத் தெரிவதற்குக் காரணம், காற்றில் உள்ள மிக நுண்ணிய துகள்களும் மூலக்கூறுகளும் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பது. கறுப்பு வெள்ளை ஃபிலிம் போட்ட காமிராவில் மஞ்சள் ஃபில்டரை மாட்டினால் இந்த நீல மங்கலைக் கணிசமாகக் குறைத்துவிடலாம். மூடுபனியிடம் இந்த வித்தை பலிக்காது. அதிலுள்ள நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. எல்லா நிறத்தையும் அவை ஒரேபோலச் சிதறடிக்கின்றன. அதனால்தான் பனி வெள்ளையாக இருக்கிறது. எந்த ஃபில்டருக்கும் மசியாமலும் இருக்கிறது. ஒளிமானியையும் அது ஏமாற்றும். காட்சி முழுவதும் வெளிச்சமாக இருப்பதாக மானி நினைத்துக்கொள்ள, அதை நம்பி எடுத்த படம் அழுக்குச் சாம்பலாக வரும். ஒரு ஸ்டாப் கூடுதலாக ஒளி கொடுக்க வேண்டும் என்பது இரண்டு மூன்று ரோல் வீணான பிறகு தெரியவரும் பாடம்.

அதே பனி ஓர் உபகாரமும் செய்கிறது. அருகிலுள்ள மரம் கறுப்பு, அடுத்தது சாம்பல், அதற்கும் பின்னால் உள்ளது வெறும் நிழல் என்று காட்சியை அடுக்கடுக்காகப் பிரித்துக் கொடுக்கிறது. மின்கம்பி, விளம்பரப் பலகை, எதிர்ச்சரிவுக் கட்டடம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு ஒரே ஒரு மரத்தை மட்டும் விட்டுவைக்கிறது. படக்காரன் செய்ய வேண்டிய தேர்வில் பாதியை இயற்கையே செய்து முடித்துவிடுகிறது.

இந்த நாட்டில் காமிரா வந்த புதிதில் யாரும் இதையெல்லாம் அழகு என்று தேடிப் போகவில்லை. வேறு வழி இருக்கவில்லை. 1856-ல் சென்னையில் புகைப்படச் சங்கம் தொடங்கியது. அடுத்த ஆண்டின் இறுதியில் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ கேப்டன் சென்னை மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரராகக் கிளம்பி, ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை, புதுக்கோட்டை என்று சுற்றினார். காகிதத்தையே நெகடிவாகப் பயன்படுத்திய காலம் அது. அன்றைய ரசாயனத்துக்கு நீலமும் ஊதாவும் மட்டுமே கண்ணில் படும். எனவே வானம் அளவுக்கு மீறிப் பதிவாகி, படத்தில் வெறும் வெள்ளையாக வரும். ட்ரைப் சளைக்கவில்லை. நெகடிவின்மீதே தூரிகையால் மேகம் தீட்டினார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டிச் சேர்த்து, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். இது ஆடம்பரச் செலவு என்று புதிதாக வந்த கவர்னர் டிரெவெல்யன் முடிவு செய்ததால் அந்த முயற்சி பாதியில் நின்றது. எடுத்தவரை அது நின்றுவிட்டது; படங்கள் இன்றும் நிலைத்திருக்கின்றன.

மலையேறிப் படம் எடுத்தவர்களின் பாடு இன்னும் திண்டாட்டம். 1865-ல் பதினாறு வயதுப் பையனாக இங்கிலாந்திலிருந்து வந்தவர் ஏ.டி.டபிள்யூ. பென். உதகமண்டலத்தில் தொழில் கற்று, பிறகு சொந்தமாக ஸ்டுடியோ வைத்து, நீலகிரியையும் அதன் மக்களையும் பல ஆண்டுகள் படம் எடுத்தார். அந்தக் காலத்து ஈரத் தட்டு முறையில் கண்ணாடித் தகட்டில் ரசாயனத்தைப் பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, அங்கேயே இருட்டுக் கூடாரத்தில் கழுவியாக வேண்டும். எல்லாம் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள். கூடாரம், கண்ணாடி, புட்டிகள், தண்ணீர் எல்லாம் சுமைகூலிகளின் தலையில் மலையேறின. ஒரு காட்சிக்காக இத்தனை பேர் இத்தனை தூரம் நடக்க வேண்டும் என்றால், எங்கே நிற்பது, எப்போது மூடியைத் திறப்பது என்று யோசிக்காமல் எவரும் கிளம்ப மாட்டார்கள்.

இந்த வரிசையில் தமிழர்கள் தங்களுடையவர் என்று சொல்லிக்கொள்ள ஒருவர் இருக்கிறார். அகத்தியமலையின் மறுபக்கத்துச் சீமையான திருநெல்வேலியில் 1912 ஜூன் 30 அன்று பிறந்த மா. கிருஷ்ணன். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் எட்டுக் குழந்தைகளில் கடைசி. தந்தை 1925-ல் சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில் தமிழுக்காகப் பேசிய கையோடு காலமானபோது பையனுக்கு வயது 13. இலக்கியம் வீட்டிலேயே இருந்தது. இயற்கையை அவருக்குக் காட்டியதில் மாநிலக் கல்லூரிக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே தாவரவியல் பேராசிரியராக இருந்த ஃபைசன், நீலகிரி, பழனி மலையுச்சிகளின் தாவரங்களைப் பற்றிப் புகழ்பெற்ற நூல் எழுதியவர். அந்த நூலின் படங்களில் அவருடைய மனைவிக்கும் பங்குண்டு. இந்தத் தம்பதியோடு கிருஷ்ணன் மலைகளுக்குப் போனார். செடிகளைப் பெயர் சொல்லி அறிவதை ஆசிரியரிடமும், நீர்வண்ண ஓவியத்தை அவர் மனைவியிடமும் கற்றார். ஆக, மூடுபனி கவிந்த மலைக்காட்சி அவருக்கும் ஒரு தொடக்கம்தான். ஆனால் கண்ணுக்கு இதமான மங்கலாக அது அவருக்கு அறிமுகமாகவில்லை. பனிக்குள் நிற்கும் ஒவ்வொரு மரத்துக்கும் பெயர் இருந்தது.

படிப்பு முடிந்ததும் பிழைப்பு எளிதாக அமையவில்லை. தாவரவியல் படித்தவர் சட்டமும் படித்தார். 1942-ல் பெல்லாரி அருகிலுள்ள சண்டூர் சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மன்னரின் அரசியல் செயலாளர் என்று பல வேஷங்கள் கட்டினார். 1949-ல் சமஸ்தானம் இந்திய யூனியனில் கரைந்ததும் சென்னை திரும்பினார். அதன்பின் அவர் யாரிடமும் சம்பளத்துக்குப் போகவில்லை. எழுத்து, ஓவியம், புகைப்படம் மூன்றையும் நம்பியே வாழ்ந்தார். கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950-ல் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996 பிப்ரவரியில் இறக்கும்வரை, 46 ஆண்டுகள் எழுதினார். ஃப்ரீலான்ஸ் என்ற சொல் கௌரவமாவதற்கு வெகு காலம் முன்பு, அந்த நிலையின் எல்லாத் தட்டுப்பாடுகளோடும் இதைச் செய்தார்.

அந்தத் தட்டுப்பாட்டில் பிறந்ததுதான் அவருடைய காமிரா. வெளிநாட்டு லென்ஸும் காமிராவும் சாதாரணமாகக் கிடைக்காத, கிடைத்தாலும் வாங்க முடியாத நாட்கள். கிருஷ்ணன் தனக்கு வேண்டியதைத் தானே கோத்துக்கொண்டார். உடல் ஒரு கம்பெனியுடையது, தூரத்தைக் கிட்டே இழுக்கும் லென்ஸ் வேறு கம்பெனியுடையது, மற்ற பாகங்கள் அகப்பட்ட இடத்தில் அகப்பட்டவை. இந்தக் கனத்த பூதத்துக்கு அவரே வைத்த பெயர் ‘சூப்பர் பாண்டரோசா’. அதைப் பார்த்த சக இயற்கையியலாளர்கள் வியந்தார்கள், கேலியும் செய்தார்கள். தோளில் ஏற்றினால் முதுகு வளையும் அந்தக் கருவியோடுதான் அவர் முதுமலையிலும் பெரியாற்றிலும் யானைகளுக்கும் காட்டெருமைகளுக்கும் பின்னால் அலைந்தார். வண்ண ஃபிலிம் வந்து எல்லாரும் அதற்கு மாறிய பிறகும் கறுப்பு வெள்ளையை அவர் விடவில்லை. படம் கழுவுவதும் பிரதி எடுப்பதும் வீட்டு இருட்டறையில், சொந்தக் கையால்.

பழைய காமிராவை வழிபடுகிறவர்கள் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கிருஷ்ணன் பழமைக்காக அந்தக் காமிராவைச் சுமக்கவில்லை. தனக்கு எட்டியதில் நல்லது எதுவோ அதைச் சுமந்தார். அந்தக் கருவியின் குறைகள் அவரிடமிருந்து ஒன்றைக் கறாராக வசூலித்தன: விலங்கைப் பற்றிய அறிவு. பொத்தானை அழுத்திப்பிடித்தால் நொடிக்கு இருபது படம் எடுக்கும் இன்றைய காமிராவில், யானை காதை எப்போது விரிக்கும் என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. இருபதில் ஒன்றில் எப்படியும் விரித்திருக்கும். ஒரு படம் எடுத்துவிட்டு ஃபிலிமைக் கையால் நகர்த்த வேண்டியவனுக்கு அந்தக் கணம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கூட்டத்தில் தலைவி யார், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எதிரே நிற்கும் ஒற்றைக் கொம்பன் மிரட்டுகிறானா அல்லது நிஜமாகவே வரப்போகிறானா என்பது தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் படம் மட்டுமல்ல, படம் எடுப்பவனும் மிஞ்ச மாட்டான்.

அந்த அறிவுதான் பிறகு வேறு பயன்களுக்கும் உதவியது. 1968-ல் ஜவாஹர்லால் நேரு ஃபெலோஷிப் பெற்றுத் தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளை ஆய்வு செய்தார். அது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வழியாக 1975-ல் புத்தகமானது. பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. இந்திய வனவிலங்கு வாரியத்திலும் புலிகள் திட்டத்தின் வழிநடத்தும் குழுவிலும் இடம். தமிழிலும் எழுதினார், அந்தக் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் தேடித் தொகுத்து ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற நூலாகக் கொண்டுவந்தார். கருவியில் இத்தனை சிக்கனமாக இருந்தவர் கருத்துகளில் தாராளமாகச் சண்டை போட்டார். அவருடைய பெரிய சண்டைகளில் ஒன்று அந்நியத் தாவரங்களோடு. இந்த மண்ணின் மரங்கள் இருக்கும்போது வெளிநாட்டு அலங்கார மரங்களைக் கொண்டுவந்து நடுவானேன் என்பது அவர் விடாமல் எழுப்பிய கேள்வி.

நீலகிரிக்குப் படம் எடுக்கப் போகிறவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டிய கேள்வி அது. பனியில் வரிசையாக நிற்கும் உயரமான மரங்களின் படம் காலண்டர்களுக்கும் வாழ்த்து அட்டைகளுக்கும் மிகப் பிடித்தது. அந்த மரங்களில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த தைலமரமும் சீகை மரமும். அவை நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் புல்வெளியும், மடிப்புகளுக்குள் சோலைக்காடும் இருந்தன. மழையைப் பிடித்துவைத்து ஆறுகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டவை அவைதாம். பனி எல்லாவற்றையும் சமமாக மூடுகிறது. சோலை எது, தோப்பு எது என்ற வித்தியாசம் படத்தில் தெரியாமல் போகிறது. பார்க்கிறவனுக்குத் தெரிந்திருந்தால் மட்டுமே அந்தப் படத்தில் அழகோடு இழப்பும் தெரியும். மரத்தின் பெயர் தெரியாமல் எடுத்த பனிப் படத்துக்கும் தெரிந்து எடுத்ததற்கும் உள்ள தூரம் இதுதான்.

அந்த நீலகிரிப் பனிக்கு நடுவேதான் இந்தியாவின் ஃபிலிமும் தயாரானது என்பது பலருக்கு மறந்துபோன செய்தி. தூசி இல்லாத குளிர்ந்த காற்று வேண்டும் என்பதால் உதகமண்டலத்தைத் தேர்ந்தெடுத்து, 1960-ல் மத்திய அரசு இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தை அமைத்தது. 1967-ல் உற்பத்தி தொடங்கியது. ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும், காகிதமும், ஆஸ்பத்திரிகளுக்கான எக்ஸ்ரே ஃபிலிமும் அங்கிருந்து நாடெங்கும் போயின. சின்ன ஊர் ஸ்டுடியோக்காரருக்கும், பள்ளிக்கூட அடையாள அட்டைக்குப் படம் எடுத்தவருக்கும் கட்டுப்படியான சரக்கு அது. 1990-களில் நலிந்த தொழிற்சாலையாக அறிவிக்கப்பட்டு, பல ஆண்டுகள் இழுபறிக்குப் பிறகு அது மூடப்பட்டது. உலகத்துக்கே ஃபிலிம் விற்ற கோடக் 2012-ல் திவால் மனு கொடுத்தது. இன்று பழைய காமிராவைத் தேடி வாங்குகிற இளைஞர் அதில் போட வேண்டிய ரோலை இறக்குமதி விலையில் வாங்குகிறார். ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் காசு போகிறது என்ற பயத்தைப் பழைய காமிரா மறுபடியும் கொடுத்திருக்கிறது. அதுவே ஒரு வகையில் நல்ல ஆசான்.

ஆனால் இந்த மோகத்தில் அபத்தமும் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு வேண்டியது பழைய காமிராவின் கட்டுப்பாடு அல்ல, அதன் தோற்றம். செல்போனில் ஒரு தட்டுத் தட்டினால் பளிச்சென்ற மதியத்தில் பனி படர்கிறது; நேற்று எடுத்த படம் ஐம்பது வருஷப் பழுப்பேறுகிறது. ட்ரைப் நெகடிவில் மேகம் வரைந்ததும் ஒரு செயற்கைதானே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ட்ரைப் தீட்டியது, கண்ணுக்குத் தெரிந்தும் ரசாயனத்துக்குத் தெரியாமல் போன வானத்தை. இன்றைய விரல்தட்டல் சேர்ப்பது எவர் கண்ணிலும் படாத பனியை.

இன்னொரு முரண்பாடு இதைவிடக் கவலை தருவது. பழைய காமிராக்கள் பத்திரமாகின்றன. அவை எடுத்த நெகடிவ்கள் குப்பைக்குப் போகின்றன. காமிராவுக்கு விலை உண்டு, அலமாரியில் வைத்தால் அழகு உண்டு. நெகடிவுக்கு இரண்டும் இல்லை. பாறசாலையிலிருந்து பம்பாய் வரை, ஒரு ஸ்டுடியோ மூடப்படும்போதெல்லாம் ஓர் ஊரின் இரண்டு மூன்று தலைமுறை முகங்கள் மூட்டையாகக் கட்டப்படுகின்றன. கடலோரத்து ஈரக்காற்றில் ஜெலட்டின் பூஞ்சை பிடிக்கிறது. அசிடேட் ஃபிலிம் மெல்லச் சிதைந்து வினிகர் வாடை அடிக்கத் தொடங்கினால் அதற்கு ஆயுள் அதிகம் இல்லை. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழகத்து ஸ்டுடியோக்களின் பழைய படங்களைத் தேடிச் சேர்த்து டிஜிட்டல் பிரதி எடுத்தது. அதுபோன்ற முயற்சிகளுக்கு அகப்பட்டது கொஞ்சம். அதற்குமுன் தொலைந்தது அதிகம்.

வீட்டுப் பரணில் உள்ளவற்றைக் காப்பாற்ற எந்த நிறுவனமும் வர வேண்டியதில்லை. நெகடிவ்களைப் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்து, அமிலமில்லாத காகித உறையில் போட்டு, வெயிலும் ஈரமும் படாத இடத்தில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் போதும். வினிகர் வாடை வருவதைத் தனியே பிரித்துவிட வேண்டும். பக்கத்தில் உள்ளதையும் அது கெடுக்கும். உறையின்மேல் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று பென்சிலில் எழுதிவைப்பது எல்லாவற்றையும்விட முக்கியம். பாட்டிக்கு நினைவு இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.

இனி, தூண்டுதல் தேடிப் பழைய காமிரா வாங்கலாமா என்று கேட்பவர்களுக்குக் கிருஷ்ணனின் வாழ்க்கையில் பதில் இருக்கிறது. ஆறு லென்ஸும் அறுபது ஃபில்டரும் வாங்கும் காசில் ஒரே காட்டுக்கு ஆறு முறை போய்வரலாம். காமிரா எதுவானாலும் ஒரு காலைக்குப் பன்னிரண்டு படம்தான் என்று விரதம் வைத்துக்கொள்ளலாம். அதற்குச் செலவே இல்லை. எடுத்த படத்தில் நிற்கும் மரம் எது, பறவை எது, பின்னால் தெரியும் சரிவில் இருபது வருஷத்துக்கு முன் என்ன இருந்தது என்று உள்ளூரில் யாரையாவது கேட்டு எழுதிவைக்கலாம். கிருஷ்ணனின் ஒட்டுப்போட்ட காமிராவை இன்று யாராலும் மறுபடி கோக்க முடியாது, கோக்கவும் வேண்டாம். அவரோடு மலையேறிய அந்தப் பழக்கத்துக்கு மட்டும் இன்னும் உதிரிபாகங்கள் கிடைக்கின்றன.